கோச்சடைக் கோட்டையில் சில நாட்கள்

மதுரைக்கு நாங்கள் போனது மீனாட்சியம்மனைக் கும்பிட அல்ல, ஒரு கண்ணுக்காக. என் கணவர் சிவபாதத்துக்கு இருப்பது அந்த ஒரு கண்தான். வலது கண் சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலேயே போய்விட்டது. மிச்சமிருந்த இடது கண்ணில் புரை முற்றி, வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரிகிற நிலைக்கு வந்திருந்தது. வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்குச் சித்திரம் படிப்பித்த மனிதர், தேத்தண்ணீர்க் கோப்பையைத் தடவித் தேடுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எங்கள் ஊர் ஆட்களுக்குக் கண் என்றால் மதுரைதான். அந்த வழக்கப்படி நாங்களும் புறப்பட்டோம்.

தங்குவதற்கு ஆஸ்பத்திரியில் யாரோ சொன்ன வீடு கோச்சடையில் இருந்தது. கண் வருத்தக்காரருக்கும் கூட வருகிறவர்களுக்கும் மாடி அறையை விடுகிறார்களாம். ஓட்டோக்காரர் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையில் போன் பேசினார். "மாப்ள, கோச்சடைக்குச் சவாரி. கோட்டை வீடு இருக்குல்ல, அங்கதான். விட்டுட்டு வாரேன்." அது வீட்டுக்காரரின் பட்டப்பெயராக இருக்கும் என்று நினைத்தேன். இவர் என் தோளில் சாய்ந்து நித்திரையாக இருந்தார்.

இறங்கிப் பார்த்தால் உண்மையாகவே கோட்டை. மணல் நிறப் பூச்சு. அதன்மேல் பெரிய பெரிய கருங்கல் அடுக்கியது போல பழுப்புக் கோடுகள். மொட்டைமாடிச் சுவர் முழுக்கப் பல்லுப் பல்லாக ஏறி இறங்கியது. இரண்டு மூலைக்கும் இரண்டு வட்டக் கோபுரம். வாசல் கதவில், யானை முட்டாமலிருக்கப் பதிக்கிற மாதிரி கூரான இரும்புக் குமிழ்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சுவரில் மெல்லிய நீளத் துளைகள், அந்தக் காலத்தில் அம்பு விடுவதற்கு வைப்பது போல.

எங்கள் ஊரிலும் கடலோரத்தில் ஒரு கோட்டை உண்டு. ஒல்லாந்தர் கட்டியது. சண்டைக் காலத்தில் அதற்குள் இராணுவம் இருந்தபடியால், அந்தப் பக்கத்து வீதியில் தலையைக் குனிந்துகொண்டுதான் சைக்கிள் மிதிப்போம். இவருடைய கண் போனதும் அதே வீதியில்தான், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது. ஷெல் துண்டு. அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் போய்விட்டது. என்றாலும் சுவரில் நீளமாக ஒரு துளையைக் கண்டால், அதற்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறான் என்று என் உடம்பு தானாகவே முடிவு செய்துவிடுகிறது. நான் சொன்னால் அது கேட்பதில்லை.

"ஏன் நிண்டிட்டீர்?" என்று கேட்டார் இவர்.

"செருப்பு வார் கழண்டிட்டுது."

"எப்பிடி வீடு?"

"சாதாரண வீடுதான். மாடி வீடு. ரோஸ் நிறம். முன்னுக்கு ஒரு மல்லிகைக் கொடி."

"மல்லிகை மணக்கேல்லையே?"

"இன்னும் பூக்கேல்ல," என்று சொல்லிவிட்டு அவர் கையைப் பிடித்துப் படியேற்றினேன். பெரிய பொய் ஒன்றும் இல்லை. ஆபரேஷனுக்கு முன்னால் அவருடைய மனம் குழம்பக் கூடாது என்பதுதான் என் எண்ணம். அவருக்கு இரத்த அழுத்தம் வேறு இருந்தது.

வீட்டுக்காரர் மாயாண்டி, ஐம்பது தாண்டியவர், மீசை பெரிது, குரல் அதைவிடப் பெரிது. "வாங்கண்ணே, வாங்கக்கா. ஒங்க வீடு மாதிரி நெனச்சுக்கங்க. ஒசக்க ரூமு. மாடியில நின்னா வைகை தெரியும். அப்பறம் நம்ம இந்தக் கோ…" என்று தொடங்கியவரை, இவருக்குப் பின்னால் நின்று கையைக் காட்டி நிறுத்தினேன். அவர் வாயைத் திறந்தபடியே நின்றார்.

இவரை அறையில் படுக்கவைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். அங்கே மாயாண்டியிடமும் அவர் மனைவி தவமணியிடமும் விஷயத்தைச் சொன்னேன். கண் போன கதையையும், ரோஸ் நிறம், மல்லிகைக் கொடி என்று நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். ஆபரேஷன் முடியும் வரைக்கும் இது கோட்டை என்று அவருக்குத் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். தவமணி உடனே என் கையைப் பிடித்துக்கொண்டார். மாயாண்டியின் முகம்தான், பலகாரம் சுட்டு வைத்துவிட்டு வந்தவருக்குச் சீனி வருத்தம் என்று கேள்விப்பட்ட ஆளின் முகம் மாதிரி ஆனது.

"அதுக்கென்னக்கா," என்றார், மீசையைத் தடவிக்கொண்டு. "வெறும் செங்கல்லு சிமிட்டிதான இது. அண்ணே காதுல விழற மாதிரி ஒரு வார்த்த பேசமாட்டேன்."

பாவம், அவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று பிறகுதான் தெரிந்தது. மாயாண்டி லொறி ஓட்டியவர். வருடக் கணக்காக வடக்கே போய் வந்திருக்கிறார். "ராஜஸ்தான் பக்கம் மலைக்கு மலை கோட்டைக்கா. நாம கீழ ரோட்டுல போயிக்கிட்டே இருப்போம். ஒரு தடவையாச்சும் ஏறிப் பாத்துரணும்னு ஆச. லோடு ஏத்திவிட்டவன் நிக்க விடுவானா? சரி, ஏறிப் பாக்கத்தான் குடுத்து வைக்கல, நம்மளே ஒண்ணு கட்டிருவோம்னு கட்டிட்டேன்."

"இப்ப ஆச தீர ஏறுறாக," என்றார் தவமணி, தோசைக் கல்லைத் துடைத்துக்கொண்டே. "மாசாமாசம் தண்ணித் தொட்டி கழுவ."

ஒரு கோபுரத்துக்குள் இருந்தது கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. மற்றதற்குள் கோழிகள். பல்லுப் பல்லான சுவரில் ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு ஊறுகாய் ஜாடி வெயில் காய்ந்தது. பல்லுக்குப் பல் கொடிக்கயிறு கட்டி, தவமணி துணி உலர்த்தினார். அம்புத் துளை ஒன்றின் வழியாகக் கயிற்றில் பை இறக்கி, காலையில் பால்காரரிடம் பால் வாங்கினார்கள். இன்னொன்றில் சிட்டுக்குருவி குடியிருந்தது. இதையெல்லாம் பகலில் பார்க்கும்போது எனக்கே சிரிப்பு வந்தது. வெளியே போய்விட்டுத் திரும்பி, வாசலில் நின்று அண்ணாந்து பார்க்கும்போதுதான் தலை தானாகக் குனிந்தது.

மறுநாள் பரிசோதனைகள். டொக்டர் பெண்பிள்ளை, என் மகள் வயது இருக்கும். "பழைய காயத்தோட தழும்பு உள்ளயும் இருக்கும்மா. இருக்கிறதும் ஒரே கண்ணு. எங்களால முடிஞ்சதைச் செய்வோம், ஆனா உறுதி சொல்ல முடியாது," என்றார். இவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். இரத்த அழுத்தம் இறங்கினால்தான் ஆபரேஷன் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்ததும், பயத்தைக் காட்டாமல் இருக்க, தெருவில் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தேன். எங்கள் ஊரில் பருத்திக்கொட்டை மாட்டுக்குப் போடுவது. இங்கே அதில் பால் எடுத்துக் கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சுகிறார்கள். இவர் இரண்டாவது டம்ளரும் கேட்டார்.

அன்று பின்னேரம் வீட்டுப் படியேறும்போது நல்ல மல்லிகை வாசனை. பார்த்தால், படிக்கட்டுக் கம்பியில் ஒரு முழம் மல்லிகைச் சரம் சுற்றிக் கட்டியிருந்தது. தவமணி கதவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

"பூத்திட்டுது போல," என்றார் இவர்.

"ஓம், பூத்திட்டுது," என்றேன். எனக்கு அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்து அழவேண்டும் போலிருந்தது.

அழுத்தம் இறங்கக் காத்திருந்த நாட்களில் ஒரு நாள், "வீட்டுக்குள்ளயே கெடந்தா பிரஷர் எறங்காதுண்ணே. சோழவந்தானுக்கு வெத்தல ஏத்தப் போறேன், வாங்க காத்தாட," என்று மாயாண்டி எங்களைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டார். லொறியை விட்ட பிறகு அவர் ஓட்டுவது ஒரு சின்னச் சரக்கு வண்டி. இங்கே அதற்குக் குட்டியானை என்று பெயர். முன் இருக்கையில் மூன்று பேரும் நெருக்கியடித்து இருந்தோம். கியர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் மாயாண்டி, "மன்னிச்சுக்கங்கண்ணே," என்று இவருடைய முழங்காலிடம் சொன்னார்.

அந்த வழியில்தான் கவனித்தேன், கோட்டை மாயாண்டியின் தனிப்பட்ட கிறுக்கு அல்ல. தென்னந்தோப்புக்கு நடுவே கோட்டை மாதிரி ஒரு கல்யாண மண்டபம். கொஞ்சத் தூரத்தில் கோட்டை வாசலோடு ஒரு பள்ளிக்கூடம். வயலோரத்தில் ஒரு தனி வீடு, கோழிக்கூடு அளவுதான், அதற்கும் மேலே பல்லுப் பல்லாகச் சுவர். யாரோ படை எடுத்து வரப்போகிறார்கள் என்று ஊரே ஆயத்தமாக இருப்பது போலவும், அதைச் சுத்தமாக மறந்துவிட்டு நெல் காயப்போட்டுக்கொண்டிருப்பது போலவும் இருந்தது. மாயாண்டி ஒவ்வொன்றையும் கண்ணால் எனக்குக் காட்டினார். வாயைத் திறக்கவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதில் அவருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது.

வண்டி பஞ்சராகி நின்ற இடமும், வேண்டுமென்றே செய்த மாதிரி, ஒரு கோட்டை மண்டபத்தின் வாசல். இரண்டு பக்கமும் ஆள் உயரத்தைவிடப் பெரிய சிமெந்துச் சிப்பாய்கள் பீடத்தில் ஈட்டியோடு நின்றார்கள். ஒருவருடைய ஈட்டியில் யாரோ ஈரத் துவாயைக் காயப் போட்டிருந்தார்கள். உள்ளே கல்யாணப் பந்தி நடந்துகொண்டிருந்தது. வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் வெளியே வந்து எங்களைப் பார்த்தார்.

"வண்டி நின்னா என்ன, எல இருக்குல்ல. வந்து ஒரு வாய் சாப்டுட்டுப் போங்க," என்றார்.

எங்கள் ஊரிலும் விருந்தோம்பல் உண்டு. ஆனால் வீதியில் நிற்கிற ஆளைப் பேர் கேட்காமல் பந்தியில் உட்காரவைப்பதை நான் பார்த்ததில்லை. பருப்பு, நெய், கத்தரிக்காய் போட்ட சாம்பார், பாயசம். எங்கள் தேங்காய்ப்பால் சொதி இல்லாத குறையைத் தவிர வேறு குறை சொல்ல முடியாது. பக்கத்து இலைக்காரம்மா நான் இவருக்கு இலையில் எது எங்கே இருக்கிறது என்று சொல்லிக் கொடுப்பதைக் கேட்டுவிட்டு, "கேரளாவா தாயி? பேச்சு மலையாளம் மாதிரி இருக்கே," என்றார். யாழ்ப்பாணம் என்று சொன்னதும் இலையில் இன்னொரு வடை விழுந்தது. கண் விஷயம் கேட்டதும் அவர் சாப்பாட்டை நிறுத்தி, "நல்லபடியா வந்துரும், அம்புட்டுத்தான்," என்றார், தீர்ப்புச் சொல்கிற மாதிரி.

வெளியே மாயாண்டி சில்லு மாற்றி முடிக்கும் வரை இவர் சிப்பாயின் பீடத்தில் சாய்ந்து நின்றார். அவருடைய கை மேலே எதையோ தடவியது.

"சோடனைத் தூண்," என்றேன் அவசரமாக.

"ஓம், வழுவழுப்பாயிருக்கு," என்றார்.

வெற்றிலைக் கொடிக்காலுக்குள் நுழைந்ததும் வெயில் அப்படியே வெளியே நின்றுவிட்டது. பச்சை நிழல், ஈர மண், காரமான வாசனை. அங்கே இலை கிள்ளிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி இவருடைய உள்ளங்கையில் ஒரு இளந்தளிரை வைத்தார். இவர் அதன் நரம்புகளை விரலால் தடவி, நுனி வரைக்கும் போய், "எப்பிடி வளைஞ்சு போகுது பாரும்," என்று என்னிடம் சொன்னார். பார்க்க வேண்டியவர் பாராமல் சொன்னதை நான் குனிந்து பார்த்தேன். அந்தப் பெண், "கண்ணு தெரிஞ்சதும் இன்னொருக்கா வாங்கய்யா, இதே எடத்துலதான் நிப்பேன்," என்றார்.

அடுத்த பரிசோதனையில் அழுத்தம் இறங்கியிருந்தது. ஆபரேஷனுக்கு இவரை உள்ளே கூட்டிப்போகும்போது, "பயப்பிடாதையும்," என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனார். நான் வெளியே நீள வாங்குப் பலகையில் இருந்தேன். தவமணி தூக்குச்சட்டியில் இட்டிலியோடு வந்து பக்கத்தில் இருந்தார். நான் சாப்பிடவில்லை. அவரும் சாப்பிடச் சொல்லவில்லை. உள்ளே நடப்பது தப்பிப்போனால் இவர் இனி இருட்டில்தான் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் தவமணி என்னுடைய முழங்கையைப் பிடித்தார்.

இரவு ஆஸ்பத்திரியிலேயே தங்கினோம், கட்டைப் பிரித்தது மறுநாள் காலை. டொக்டர் விரலைக் காட்டினார். இவர் சரியாகச் சொன்னார். தூர இருந்த எழுத்துகளைக் காட்டினார். பெரியவற்றைச் சொன்னார், சின்னவற்றில் தடுமாறினார். "இது போதும், இன்னும் தெளியும்," என்றார் டொக்டர், அவருக்கே நிம்மதி. அதன் பிறகு இவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நெடு நேரம் பார்த்தார்.

"தலைமயிர் முழுக்க வெள்ளையெண்டு நீர் எனக்குச் சொல்லேல்லையே," என்றார்.

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தேன். தாதிப்பிள்ளை எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்தது.

அந்த மகிழ்ச்சி ஓட்டோவில் ஏறும் வரைதான். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, இவர் தெருவைக் குழந்தை மாதிரிப் பார்த்துக்கொண்டு வந்தார். பூக்கடை, பஸ், எருமை, எல்லாவற்றையும் பெயர் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். நானோ உள்ளுக்குள் வேர்த்துக்கொண்டிருந்தேன். புதிதாகக் கிடைத்த கண்ணோடு ஒரு மனிதர் வீட்டுக்குப் போகிறார். போய் இறங்கி முதலில் பார்க்கப்போவது கோட்டைச் சுவரும் துளைகளும். வழியிலேயே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். வாய் வரவில்லை. காளவாசல் நெரிசலில் ஓட்டோ நின்றபோதும் வரவில்லை. கோச்சடைத் தெருவுக்குள் திரும்பிவிட்டது.

இறங்கிப் பார்த்தால் கோட்டையைக் காணவில்லை.

மொட்டைமாடிச் சுவர் முழுக்கச் சேலைகள். பல்லுக்குப் பல் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். சிவப்பு, பச்சை, கத்தரிப்பூ, கட்டம் போட்டது, பூப் போட்டது, நடுநடுவே போர்வைகள், கைலிகள், ஒரு கோரைப்பாய். கோபுரம் ஒன்றைச் சுற்றி ஒரு பெரிய நீலத் தார்ப்பாய், மாயாண்டியின் பழைய லொறித் தார்ப்பாயாக இருக்க வேண்டும். அம்புத் துளைகளின் மேல் துண்டுகள். தவமணியிடம் இத்தனை சேலை இருக்க முடியாது. தெருவில் எல்லோர் வீட்டிலும் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் தங்கள் வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாயாண்டி வெறும் மேலோடு, தலையெல்லாம் தூசியோடு, வாசலில் நின்றார்.

"வாங்கண்ணே," என்றார். "இன்னைக்குக் கொஞ்சம் துவச்சோம்."

இவர் அண்ணாந்து பார்த்தார். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகப் பார்த்தார். பிறகு மாயாண்டியிடம், "தம்பி, உவ்வளவு வடிவான கோட்டையை ஏன் மூடி வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டார்.

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"எப்ப தெரியும்?" என்றேன்.

"முதல் நாளே. ஓட்டோக்காரன் சொன்னவனெல்லே, கோட்டை வீடெண்டு. பேந்து மாடியில சுவரைத் தடவிப் பாத்தனான். ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகுது. கல்யாண வீட்டில சிப்பாயின்ர சப்பாத்தையும் தடவிப் பாத்தனான். தூணுக்கு ஆர் சப்பாத்துப் போடுறது?"

"பிறகு ஏன் சொல்லேல்ல?"

"நீர்தான் பயந்திருந்தனீர். இந்த வாசலுக்கு வரேக்க ஒவ்வொரு முறையும் உம்மட கை ஐஸ் மாதிரிப் போகும். ரோஸ் நிறம், மல்லிகையெண்டு நீர் சொல்லச் சொல்ல, உமக்கு அப்பிடி இருக்கிறதுதான் சுகமெண்டு விட்டிட்டன். எனக்கென்ன, பயப்பிட எனக்குக் கண்ணே தெரியேல்ல."

நான் அவருக்காக மறைத்தேன். அவர் எனக்காக ஒன்றும் தெரியாதவர் போல இருந்தார். நடுவில் ஒரு மனிதர் தன் ஆயுள் ஆசையை வாய்க்குள் போட்டு மூடிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி கம்பியில் மல்லிகை பூக்கவைத்தார். தெரு முழுக்கச் சேலை கொடுத்தது. எங்கள் ஊரில் ஒரு கோட்டை எங்களிடமிருந்து எடுத்ததை இங்கே ஒரு கோட்டை திருப்பித் தந்தது என்றெல்லாம் எழுத ஆசைதான். அப்படி ஒன்றுமில்லை. போன கண் போனதுதான். ஆனால் அந்த வாசலில் நின்றபோது என் தலை குனியவில்லை. அது உண்மை.

"கழட்டுங்கோ தம்பி," என்றார் இவர். "நான் சித்திரம் படிப்பிச்சவன். வடிவாப் பாக்கவேணும்."

மாயாண்டி படியில் எப்படி ஏறினார் என்று தெரியவில்லை, அடுத்த நிமிடம் மாடியில் நின்றார். சேலைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து உள்ளே இழுத்தார். இழுக்க இழுக்கக் கோட்டை வெளியே வந்தது. அத்தனை நாள் அடக்கி வைத்திருந்த பேச்சும் கூடவே வந்தது. "இது பாருங்கண்ணே, இந்த டவரு, குவாலியர் பக்கம் பாத்தது. கதவு ராஜஸ்தான் சித்தூர்ல. இந்தப் பல்லு மட்டும் நம்ம கொத்தனாரு சொந்தமாப் போட்டது." இவர் கேட்டுக்கொண்டே, காற்றில் விரலால் கோடு இழுத்துப் பார்த்தார். கடைசிச் சேலைக்கு மாயாண்டி கை வைத்தபோது, இவர் கறுப்புக் கண்ணாடியைக் கொஞ்சம் உயர்த்தினார். டொக்டர் கூடாது என்றுதான் சொல்லியிருந்தார். நான் தடுக்கவில்லை.

"அந்த ஒண்டை விடுங்கோ," என்றார். "கோட்டையெண்டால் ஒரு கொடி வேணுமெல்லோ."

"அண்ணே, அது ஏஞ் சேல," என்றார் தவமணி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "இருக்கட்டும், பரவால்ல."

காற்று வைகைப் பக்கமிருந்து வந்தது. சேலை ஒரு தடவை உப்பிப் படபடத்தது. அது என்ன நிறம் என்று எனக்குத் தெரியவில்லை, எல்லாம் கலங்கிப்போய் இருந்தது. இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, இத்தனை நாள் நான் அவருக்குச் சொன்ன மாதிரியே, மெதுவாக எனக்குச் சொன்னார்.

"மஞ்சள். கரை பச்சை."